வழக்கறிஞராயிருந்து சட்டமன்றம் சென்றவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது எப்படி? செட்டிநாட்டாருக்கு ஒரு கையேடு

செட்டிநாட்டின் பல ஊர்களில், நீதிமன்றத்தில் வாதாடிப் பெயர் பெற்றுப் பின்னர் சட்டமன்றத்துக்கோ நாடாளுமன்றத்துக்கோ சென்ற ஒருவரேனும் இருந்திருப்பார். அவருடைய நூற்றாண்டு நெருங்கும்போது குடும்பத்தாரோ ஊர்க்காரர்களோ நினைவு மலர் ஒன்று வெளியிட முனைகின்றனர். அந்த மலரில் வாழ்த்துரைகளும் நிழற்படங்களும் நிறைய இருக்கும்; அவர் எவ்வகை வழக்குகளை நடத்தினார், அவையில் எந்தச் சட்டமுன்வடிவின் மீது எழுந்து நின்று என்ன சொன்னார் என்பது பெரும்பாலும் இருக்காது. அந்த இடைவெளியை நிரப்ப விரும்புகிறவர்களுக்காக இக்கையேட்டை எழுதுகிறேன்.

இத்தகைய ஒருவரின் வாழ்க்கையை எழுதுவதில் ஒரு பெரிய வசதி உண்டு. வணிகரோ மருத்துவரோ பேசியது காற்றோடு போய்விடும். வழக்கறிஞர் வாதாடியது தீர்ப்பிலும், சட்டமன்ற உறுப்பினர் பேசியது அவைக்குறிப்பிலும் எழுத்தாக நிற்கும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதுதான் இந்த வேலையின் உயிர்நாடி என்பது என் உறுதியான கருத்து. மற்றவை எல்லாம் அதற்கான ஆயத்தமே.

முதலில் பெயர், நாள், ஊர்

எந்த ஆவணத்தைத் தேடப் புறப்படும் முன்பும், அவருடைய பெயர் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கக்கூடும் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நம் பக்கத்தில் இது சிறிய வேலை அன்று. நகரத்தார் குடும்பங்களில் தலைப்பெழுத்து ஓர் எழுத்தோடு நிற்பதில்லை, ராம., மெ., பழ., சித., அள. என்று தந்தை, பாட்டனார் பெயர்களின் சுருக்கங்கள் அடுக்கி வரும். தொழிலுக்கென வைத்துக்கொண்ட விலாசம் (கடையின் பெயரெழுத்துகள்) வேறாக இருக்கும். ஆங்கிலப் பதிவேடுகளில் இதே எழுத்துகள் ஒரு முறை புள்ளியுடனும் மறுமுறை புள்ளியின்றியும் ஏறியிருக்கும். அகரவரிசையில் ஒருவரே மூன்று இடங்களில் மூன்று பேர்போல் தோன்றுவார். சாதிப் பட்டத்தை இளமையில் எழுதிப் பின்னர் விட்டவர்கள் பலர். தமிழில் ‘செ. மாதவன்’ என்று வழங்கப்பட்டவர் ஆங்கிலப் பதிவுகளில் ‘எஸ்’ என்ற எழுத்தின் கீழ்தான் கிடைப்பார் என்பதைப் போன்ற சிறு செய்திகளை முன்கூட்டியே குறித்துவைத்தால் நாள்கணக்கில் அலைச்சல் மிச்சமாகும்.

பிறந்த நாளுக்குப் பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். சேர்க்கையின்போது வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லும் வழக்கம் பழைய தலைமுறையில் பரவலாக இருந்தது. வீட்டில் சாதகம் இருந்தால் அதுவே முதல் சான்று. அதில் தமிழ் ஆண்டு மட்டும் எழுதப்பட்டிருக்குமானால், அறுபதாண்டுச் சுற்றை மனத்தில் கொள்ள வேண்டும். பிரபவ ஆண்டு 1867லும் வந்தது, 1927லும் வந்தது, 1987லும் வந்தது. நகரத்தார் குடும்பமானால் திருமணத்தின்போது எழுதிய இசைகுடிமானம் பெட்டகத்தில் கிடைக்கலாம். இரு வீட்டார் பெயர்களும் ஊர்களும் நாளும் அதில் தெளிவாக இருக்கும். இவை ஒன்றோடொன்று முரண்பட்டால், எதை ஏற்றீர்கள், ஏன் ஏற்றீர்கள் என்று நூலிலேயே ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஊர் எந்த ஆட்சியின் கீழ், எந்த மாவட்டத்தில் இருந்தது என்பது அதைவிட முக்கியம். செட்டிநாடு என்பது ஒரு பண்பாட்டு நிலப்பரப்பு. நிர்வாக வரைபடத்தில் அது ஒருபோதும் ஒரே அலகாக இருந்ததில்லை. காரைக்குடி, தேவகோட்டை, கண்டனூர், கோட்டையூர் ஆகியவை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. இராயவரம், கோனாபட்டு, கடியாபட்டி, அரிமளம் ஆகியவை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தன. அச்சமஸ்தானம் 1948ல்தான் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்துக்குள் வந்தது. புதுக்கோட்டை தனி மாவட்டமானது 1974ல். இராமநாதபுரம் மாவட்டத்தின் தலைமையிடம் நெடுங்காலம் மதுரையில் இருந்தது. சிவகங்கையைத் தலைமையிடமாகக் கொண்ட மாவட்டம் 1985ல் பிரிந்தது. ஆகவே 1960ஆம் ஆண்டின் ஓர் ஆவணத்தைத் தேடிச் சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்துக்கு மட்டும் போய்த் திரும்புகிறவர், அது இல்லவே இல்லை என்ற தவறான முடிவுக்கு வந்துவிடுவார்.

தீரர் சத்தியமூர்த்தியின் வாழ்க்கை இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அவர் 1887 ஆகஸ்டு 19 அன்று பிறந்த திருமயம், அன்று புதுக்கோட்டை மன்னரின் ஆட்சிப் பகுதி. மன்னர் கல்லூரியில் பயின்று, சென்னை சென்று சட்டம் படித்து, அங்கே வழக்கறிஞரானார். பிறப்பையும் பள்ளிப் படிப்பையும் சமஸ்தானப் பதிவுகளிலும், தொழிலையும் அரசியலையும் சென்னை மாகாணப் பதிவுகளிலும் தேட வேண்டியிருக்கும். இந்த எல்லையைக் கவனிக்காமல் எழுதினால் முதல் இருபது ஆண்டுகள் வெற்றிடமாகிவிடும்.

வழக்கறிஞராக அவர் என்னவாக இருந்தார்?

‘வக்கீல்’ என்று ஊரார் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், எந்த வகைத் தகுதி என்று உறுதிசெய்யுங்கள். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் வரும்வரை பிளீடர், வக்கீல், அட்வகேட், பாரிஸ்டர் எனப் பல படிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் எந்த நீதிமன்றம்வரை சென்று வாதாடலாம் என்ற எல்லை வேறு. கோட்டையூர் அழகப்பச் செட்டியாரைப் போல லண்டன் மிடில் டெம்பிளில் பயின்று பாரிஸ்டரானவரும், முன்சீப் கோர்ட்டில் மட்டும் வாதாடும் உரிமை பெற்ற பிளீடரும் ஊரார் வாயில் ஒன்றே. அச்சட்டத்துக்குப் பின் எல்லாரும் ஒரே வகுப்பினராயினர். மாநில பார் கவுன்சில் வைத்திருக்கும் பதிவேட்டில் பெயரும் சேர்ந்த நாளும் இருக்கும். தமிழ்நாட்டுப் பதிவு எண் ‘எம்.எஸ்.’ என்று தொடங்கி, எண்ணும் ஆண்டுமாக வரும். அந்த எண்ணை அவருடைய பழைய வக்காலத்து எதிலேனும் காணலாம். எண் கிடைத்தால் சன்னது (தொழில் உரிமம்) பெற்ற ஆண்டு கிடைத்தது என்று பொருள்.

படித்த இடத்தைக் கண்டறிவது பெரும்பாலும் எளிது. 1891 முதல் சென்னைச் சட்டக் கல்லூரி இருந்தது. மதுரைச் சட்டக் கல்லூரி 1974ல்தான் வந்தது. அதற்கு முந்தைய தலைமுறையினர் பெரும்பாலும் சென்னைக்கு ரயிலேறியவர்கள். எந்த மூத்த வழக்கறிஞரிடம் ஜூனியராக இருந்தார் என்பதைத்தான் கவனமாகத் தேட வேண்டும். அரசியல் சார்பும் சிவில் சட்டப் புலமையும் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்த சீனியரிடமிருந்து வந்தவையாகவே பெரும்பாலும் இருக்கும்.

அடுத்தது வழக்குகள். உயர்நீதிமன்றத்தில் வாதாடியவரானால் வேலை சுருக்கம். 1891 முதல் வெளிவரும் மெட்ராஸ் லா ஜர்னல் போன்ற தீர்ப்புத் தொகுப்புகளில் ஒவ்வொரு தீர்ப்பிலும் இரு தரப்பு வழக்கறிஞர்களின் பெயர்களும் அச்சாகியிருக்கும். ஆனால் நம் பகுதியிலிருந்து அரசியலுக்குச் சென்றவர்களில் பலர் தேவகோட்டை சார்பு நீதிமன்றத்திலோ முன்சீப் கோர்ட்டிலோ வாழ்நாளைக் கழித்தவர்கள். அவர்களுடைய பெயர் தொகுப்புகளில் வராது. மேல்முறையீட்டில் சென்னைக்குப் போன வழக்குகளில், கீழ்நீதிமன்றத் தீர்ப்பின் எண்ணைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கி வருவதே வழி. மதுரைக் கிளை 2004 ஜூலையில்தான் தொடங்கியது. அதற்கு முன் முடிந்த மேல்முறையீடுகள் சென்னையில் முடிந்தவையே.

கீழ்நீதிமன்ற ஆவணத்துக்கு வழக்கு எண், ஆண்டு, நீதிமன்றத்தின் பெயர் ஆகிய மூன்றும் வேண்டும். அசல் வழக்கு எண் இல்லாமல் நகல் மனு போடவே முடியாது. பழைய வழக்குக் கட்டுகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பின் அழித்துவிட விதிகள் உண்டு. தீர்ப்பும் தீர்ப்பாணையும் நெடுநாள் காக்கப்படும். மனுக்களும் சாட்சியங்களும் முன்பே போயிருக்கும். தேவகோட்டையைப் பொறுத்தவரை இன்னொரு செய்தியையும் மறக்கக் கூடாது: 1942 ஆகஸ்டில், ‘வெள்ளையனே வெளியேறு’ போராட்டத்தின்போது, அவ்வூர் நீதிமன்றம் தீக்கிரையானது. அதற்கு முந்தைய கட்டுகளைக் குடும்பத்தாரிடமும் மேல்நீதிமன்றத்திலும் முதலில் தேடுவதே அறிவுடைமை.

வழக்கு எண்களுக்கு மிகச் சிறந்த ஊற்று அவருடைய நாட்குறிப்புதான். வழக்கறிஞரின் நாட்குறிப்பு, அந்தரங்க எண்ணங்களை எழுதும் நாட்குறிப்பு அன்று. அன்றைய தேதியின் கீழே ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு வரி: இடப்பக்கம் முந்தைய வாய்தா, நடுவில் நீதிமன்றமும் வழக்கு எண்ணும் தரப்பினர் பெயரும், அதையடுத்து எதற்காக அன்று வைக்கப்பட்டது என்ற குறிப்பு, வலப்பக்கம் அடுத்த வாய்தா. ஒரு பக்கத்தில் கிடைக்கும் அடுத்த வாய்தாவைப் பிடித்துக்கொண்டு அந்தத் தேதிப் பக்கத்துக்குப் போனால் வழக்கு முன்னே நகரும். முந்தைய வாய்தாவைப் பிடித்தால் பின்னே போகும். இவ்வாறு ஒரே வழக்கை ஆண்டுக்கணக்கில் தொடரலாம். வலப்பக்கக் கட்டம் தொடர்ந்து வெறுமையாகிக்கொண்டே போகும் மாதங்களைக் கண்டால் நிறுத்திக் கவனியுங்கள்; தேர்தல் வேலையோ சிறையோ நோயோ அங்கே இருக்கும். அவர் எப்போது தொழிலைவிட்டு அரசியலுக்குத் திரும்பினார் என்பதை எந்த மேடைப் பேச்சும் இவ்வளவு நேர்மையாகச் சொல்லாது.

வழக்குகளை ஆண்டுவாரியாக அடுக்காமல் வகைவாரியாகப் பிரித்துப் பாருங்கள். செட்டிநாட்டுச் சிவில் வழக்குகளுக்கு ஒரு தனி முகம் உண்டு. பிள்ளை கூட்டியது செல்லுமா செல்லாதா என்ற சுவீகார வழக்குகள், கூட்டுக்குடும்பப் பாகப்பிரிவினை, புரோநோட்டுக் கடன், பர்மாவிலும் மலாயாவிலும் இலங்கையிலும் இருந்த கடைக் கணக்குகளைப் பற்றிய தகராறுகள், மேலாளுக்கு (கடை முகவருக்கு) கொடுத்த அதிகாரப் பத்திரம், கோயில் அறங்காவலர் உரிமை, ஊரணிப் பாத்தியம் ஆகியவை மீண்டும் மீண்டும் வரும். 1942ல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தபின் அங்கிருந்த சொத்துக்களைச் சார்ந்த கணக்குகள் எவ்வாறு சிக்கலாயின என்பதை அறிந்தவர்களுக்கு, அடுத்த பத்தாண்டுகளின் வழக்குப் பட்டியல் தானே பேசும். இவற்றில் எது மிகுதி என்பதிலிருந்து அவரை நாடி வந்தவர்கள் யார் என்று தெரியும். நாடி வந்தவர்களே பின்னாளில் அவருடைய முதல் வாக்காளர்களாகவும் இருந்திருப்பர்.

கட்டுகளைத் திறக்கும் முன் ஓர் எச்சரிக்கை

வழக்கறிஞரின் அலமாரியில் உள்ள கட்டுகள் அவருடைய சந்ததியினரின் சொத்தாகத் தோன்றும். உண்மையில் அவை கட்சிக்காரரின், அதாவது வழக்கை ஒப்படைத்தவரின், நம்பிக்கை. கட்சிக்காரர் தம் வழக்கறிஞரிடம் சொன்னதை வெளியிடக் கூடாது என்ற கடமை, வழக்கு முடிந்த பின்னும் தொடரும். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 126ஆம் பிரிவில் இதைச் சொன்னது; இப்போது நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 132ஆம் பிரிவும் இதையே சொல்கிறது. திறந்த நீதிமன்றத்தில் சொல்லப்பட்ட தீர்ப்பைப் பயன்படுத்தலாம். கட்சிக்காரர் எழுதிய கடிதம், வழக்கறிஞர் தமக்காக எடுத்துவைத்த குறிப்பு, சமரசப் பேச்சின் விவரம் ஆகியவற்றை அச்சில் ஏற்றாதீர்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு முந்தைய சுவீகார வழக்கின் தரப்பினர் இன்றும் அதே தெருவில், ஒரே கோயிலில் மாலை வாங்கிக்கொண்டு வாழ்கிறார்கள். அவர்களுடைய மனத்தை நோகடித்துப் பெறும் சுவை எந்த நூலுக்கும் வேண்டாம். வழக்கின் சட்டப் பிரச்சினையை மட்டும் எழுதி, பெயர்களை விட்டுவிட்டாலும் வழக்கறிஞரின் திறமை குறைவின்றித் தெரியும்.

தேர்தலும் தொகுதியும்

சுதந்திரத்துக்குப் பிந்தைய ஒவ்வொரு பொதுத் தேர்தலுக்கும் தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கை உண்டு. 1951-52 முதல் வேட்பாளர்கள், கட்சி, பெற்ற வாக்குகள் என அனைத்தும் அதில் கிடைக்கும். ஆணையத்தின் இணையதளத்திலேயே படிக்கலாம். தோற்ற தேர்தல்களையும் சேர்த்தே எழுத வேண்டும். முதல் தேர்தலில் தோற்று இரண்டாவதில் வென்றவரின் கதையைத் தோல்வியை மறைத்து எழுதினால் அவருடைய உழைப்பையே மறைத்தவராவோம்.

இரண்டு குழப்பங்களை இங்கே குறிப்பிட வேண்டும். ஒன்று, திருப்பத்தூர் என்ற பெயரில் தமிழ்நாட்டில் இரண்டு தொகுதிகள் உள்ளன. ஒன்று நம் பகுதியில், மற்றொன்று வட மாவட்டத்தில். 1967ல் அண்ணா அமைச்சரவையில் சட்ட அமைச்சராக இருந்த வழக்கறிஞர் மாதவன் சென்றது நம் திருப்பத்தூரிலிருந்து. பட்டியலில் பெயரை மட்டும் பார்த்து எடுப்பவர்கள் ஒரு தொகுதியின் வாக்குகளை மற்றொன்றின் உறுப்பினருக்கு எழுதிவிடுவார்கள். தொகுதி எண்ணையும் அருகிலுள்ள தொகுதிகளையும் சரிபார்ப்பது கட்டாயம். மற்றொன்று, தொகுதியின் பெயர் மாறாமல் எல்லை மாறுவது. 1976, 2008 ஆகிய ஆண்டுகளின் மறுசீரமைப்பில் ஊர்கள் ஒரு தொகுதியிலிருந்து இன்னொன்றுக்கு இடம்பெயர்ந்தன. இளையான்குடி போன்ற தொகுதிகள் இல்லாமலே போயின. ஆகவே 1962ன் காரைக்குடி வாக்கையும் 2011ன் காரைக்குடி வாக்கையும் ஒப்பிட்டு வளர்ச்சி, தேய்வு என்று முடிவுகட்ட முடியாது.

வெற்றியை எதிர்த்துத் தேர்தல் வழக்கு நடந்ததா என்று பார்க்கத் தவறாதீர்கள். 1966 வரை அவற்றைத் தேர்தல் தீர்ப்பாயங்கள் விசாரித்தன. அதற்குப் பின் உயர்நீதிமன்றம் விசாரிக்கிறது. வாழ்நாள் முழுவதும் பிறருக்காக வாதாடியவர் தாமே எதிர்மனுதாரராக நின்று சாட்சிக் கூண்டில் பதில் சொன்ன பக்கங்கள் கிடைத்தால், அது வாழ்க்கை வரலாற்றின் மிகச் செறிவான அத்தியாயமாகும். சொத்து விவரப் பிரமாணப் பத்திரம் 2003க்குப் பிந்தைய வேட்பாளர்களுக்கே கிடைக்கும். முந்தையவர்களுக்கு அதைத் தேடிப் பயனில்லை.

அவையின் பதிவுகள்

அவையின் பெயரையும் அமைப்பையும் முதலில் சரியாகப் பிடிக்க வேண்டும். 1921 முதல் 1937 வரை சென்னை மாகாணத்தில் ஒரே அவை இருந்தது. அதன் உறுப்பினரும் ‘எம்.எல்.சி.’ என்றே குறிக்கப்பட்டார். 1937ல் இரண்டு அவைகள் வந்தன; அதன்பின் ‘எம்.எல்.சி.’ என்றால் மேலவை உறுப்பினர். மேலவை 1986 நவம்பரில் ஒழிக்கப்பட்டது. சத்தியமூர்த்தி 1923ல் சென்னை சட்டசபைக்குச் சென்றார், 1934 தேர்தலில் சென்னை நகரிலிருந்து மத்திய சட்டசபைக்குச் சென்றார். இவை இரண்டும் வேறு ஊர்களில், வேறு அதிகாரங்களோடு இருந்த அவைகள். முன்னதன் பதிவுகள் சென்னையில் கிடைக்கும். பின்னதை நாடாளுமன்ற நூலகத்தின் மின்தொகுப்பில் தேட வேண்டும். கண்டனூர்க் குடும்பத்தில் பிறந்து, வழக்கறிஞராகி, 1984ல் சிவகங்கையிலிருந்து முதன்முறை மக்களவைக்குச் சென்ற ப. சிதம்பரத்தின் உரைகளைத் தேடுவோருக்கும் அந்த மின்தொகுப்புதான் வழி.

சட்டமன்றப் பேரவை நடவடிக்கைகள் தொகுதி தொகுதியாக அச்சிடப்பட்டவை. ஒவ்வொரு பேரவைக்கும் உறுப்பினர்களின் வாழ்க்கைக் குறிப்புத் தொகுப்பு வெளியாகும். அதில் உள்ள அரைப்பக்கம் உறுப்பினரே எழுதித் தந்தது என்பதால், அதைச் சான்றாகக் கொள்ளாமல் தொடக்கமாகக் கொள்ளுங்கள். பிறகு அவர் உறுப்பினராக இருந்த ஆண்டுகளின் தொகுதிகளில் பொருளடைவைத் திறந்து பெயரைத் தேடுங்கள். வினா நேரத்தில் கேட்ட கேள்விகள், மானியக் கோரிக்கைகளின் மீதான பேச்சு, வெட்டுத் தீர்மானம், கவன ஈர்ப்பு, சட்டமுன்வடிவுகளுக்குக் கொடுத்த திருத்தங்கள் என்று தனித்தனியே குறிப்பெடுங்கள்.

வழக்கறிஞரை அவையில் அடையாளம் காட்டுவது பெரும்பாலும் அந்தக் கடைசி இனம்தான். கொள்கை விவாதத்தில் எல்லாரும் பேசுவார்கள். பிரிவு பிரிவாக எடுத்துக்கொள்ளும் கட்டத்தில், மூன்றாம் உட்பிரிவில் ஒரு சொல்லை நீக்கி இன்னொன்றைச் சேர்க்க வேண்டும், மேல்முறையீட்டுக்கு முப்பது நாள் போதாது, ‘குடும்பம்’ என்பதற்கு வரையறை இல்லை என்று எழுந்து நிற்பவர் நீதிமன்றத்தில் அந்தச் சொல்லால் பட்ட தொல்லையை அறிந்தவர். அத்தகைய திருத்தம் ஒன்றைக் கண்டால், அமைச்சர் என்ன பதில் சொன்னார், திருத்தம் திரும்பப் பெறப்பட்டதா, தோற்கடிக்கப்பட்டதா, ஏற்கப்பட்டதா என்று அந்தப் பக்கத்தின் இறுதிவரை படியுங்கள். பின்னர் அரசிதழில் வெளியான சட்டத்தை எடுத்து, அந்தச் சொல் அங்கே இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். ஒரு மனிதர் கேட்டதால் சட்டப் புத்தகத்தில் இடம்பெற்ற ஒரே ஒரு சொல்லை நிறுவிக் காட்டுவது, அவர் திறந்துவைத்த கட்டடங்களின் பட்டியலைவிட மேலான நினைவுச் சின்னம்.

குழுப் பணிகளையும் விடாதீர்கள். பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு ஆகியவற்றின் அறிக்கைகளில் தனி உறுப்பினரின் பேச்சு வராது என்றாலும், அவர் தலைவராக இருந்தாரா, எந்த ஆண்டுகளில் உறுப்பினர் என்பது இருக்கும்.

இரண்டையும் அருகில் வைத்தல்

இப்போது உங்களிடம் இரண்டு குறிப்பேடுகள் இருக்கும். ஒன்றில் வழக்குகள், மற்றொன்றில் அவைப் பேச்சுகள். அவர் அவையில் இருந்த காலத்தில் நம் பகுதியைத் தொட்ட சட்டங்கள் எவை என்று பாருங்கள். 1938ஆம் ஆண்டின் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வட்டித் தொழிலை நேரடியாகத் தாக்கியது. 1948ன் ஜமீன் ஒழிப்புச் சட்டம் சிவகங்கை, இராமநாதபுரம் ஜமீன்களின் நிலங்களில் புதிய உரிமைகளையும் புதிய வழக்குகளையும் கொண்டுவந்தது. 1959ன் இந்து சமய அறநிலையச் சட்டம், 1961ன் நில உச்சவரம்புச் சட்டம், சுயமரியாதைத் திருமணங்களைச் செல்லுபடியாக்கிய 1967ன் திருத்தம், மகளுக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்கு இணையான பங்கு என்று 1989ல் வந்த தமிழ்நாட்டுத் திருத்தம் ஆகியவை அடுத்து வரும். இவற்றில் அவர் காலத்தியதை எடுத்து, நீதிமன்றத்தில் அவர் நின்ற பக்கத்தையும் அவையில் அவர் பேசிய பக்கத்தையும் ஒப்பிடுங்கள்.

இங்கேதான் எழுதுபவரின் நேர்மை சோதிக்கப்படும். கடன் கொடுத்தவர்களுக்காக நூற்றுக்கணக்கான புரோநோட்டு வழக்குகளை நடத்தியவர் அவையில் கடனாளியின் பக்கம் பேசியிருந்தால், அதை முரண் என்று குற்றம் சாட்டவும் வேண்டாம், மனமாற்றம் என்று கொண்டாடவும் வேண்டாம். வழக்கறிஞரின் வாதம் கட்சிக்காரருடையது. அவைப் பேச்சு அவருடையது, அதுவும் கட்சிக் கொறடாவின் கட்டளைக்கு உட்பட்டது. அந்த இரண்டு கட்டுப்பாடுகளையும் வாசகருக்குச் சொல்லிவிட்டு, ஆவணத்தை ஆவணமாக முன்வையுங்கள். அவராகவே காரணம் சொல்லியிருந்தால், கடிதத்திலோ பேட்டியிலோ, அதை அப்படியே தேதியுடன் தாருங்கள். சொல்லாத இடத்தில் நீங்கள் சொல்லாதீர்கள்.

உறுப்பினரான பின்னும் அவர் வழக்காடினாரா என்பதையும் நாட்குறிப்பைக் கொண்டு எழுதுங்கள். அதில் இழுக்கு எதுவும் இல்லை; சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் வழக்கறிஞர் தொழில் செய்யத் தடையில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2018 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. அமைச்சரானவர்களின் நிலை வேறு. பதவிக் காலத்தில் அவர்கள் தொழில் செய்வதில்லை.

சாதனைகளை எழுதும்போது வினைச்சொல்லில் கவனம் வேண்டும். சத்தியமூர்த்தி 1939ல் சென்னை மேயரானார்; நகரின் குடிநீர்த் தட்டுப்பாட்டைத் தீர்க்கப் பூண்டி நீர்த்தேக்கத் திட்டத்துக்காக முனைந்து நின்றார்; 1940ல் அடிக்கல் நாட்டப்பட்டது. நீர்த்தேக்கம் முடிவடைந்த 1944ல் அவர் உயிரோடு இல்லை. 1943 மார்ச் 28 அன்றே மறைந்துவிட்டார். ‘பூண்டி அணையைக் கட்டி முடித்தார்’ என்று எழுதினால் அது பிழை. ‘தொடங்கிவைக்கப் பாடுபட்டார், முடிந்தபோது அவர் பெயர் சூட்டப்பட்டது’ என்றால் சரி. உங்கள் ஊர் உறுப்பினருக்கும் இதே அளவுகோல்தான். பள்ளிக்கூடமும் பாலமும் அவர் கேட்டதால் வந்தனவா, அவர் காலத்தில் வந்தனவா, அவர் திறந்துவைத்தாரா என்ற மூன்றும் வேறு வேறு.

நேரில் கேட்க வேண்டியவர்கள்

ஆவணங்களை ஓரளவு படித்த பின்னரே பேட்டிக்குச் செல்லுங்கள். முதலில் பார்க்க வேண்டியவர் குமாஸ்தா. அவர் இருந்தால், மகனும் மகளும் அறியாத செய்திகளை அறிந்திருப்பார். எந்தக் கட்சிக்காரரிடம் கட்டணம் வாங்கவில்லை, தேர்தல் செலவுக்கு எந்த நிலம் விற்கப்பட்டது என்பது அவருக்குத் தெரியும். அடுத்து ஜூனியர்கள், எதிர்த்தரப்பில் நின்ற வழக்கறிஞர்கள், எதிர்க்கட்சியில் இருந்தவர்கள். வீட்டுப் பெண்களைக் கடைசியில் ஒப்புக்குக் கேட்பது பெருந்தவறு. பொதுவாழ்வின் விலையை அறிந்தவர்கள் அவர்கள்தான். ‘ஐயா எப்படிப்பட்டவர், ஆச்சி?’ என்று கேட்டால் ‘நல்லவுக’ என்ற ஒரு சொல்லோடு பேச்சு நின்றுவிடும். ‘ஐயா சட்டசபைக்குப் புறப்படுற அன்னைக்குப் பெட்டியை யார் கட்டுவாக, அதுல என்ன வைப்பாக?’ என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஒப்புதல் பெற்றுப் பதிவு செய்து, எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டிய பின்னரே அச்சுக்கு அனுப்புங்கள். நினைவில் சொல்லும் ஆண்டுகளை ஆவணத்தோடு ஒத்துப் பார்க்காமல் ஏற்கக் கூடாது.

செய்தித்தாள்களுக்கு, சுதந்திரத்துக்கு முந்தைய காலமானால், சுதேசமித்திரனோடு நம் பகுதியிலிருந்தே வந்த இதழ்களையும் பார்க்க வேண்டும், சொ. முருகப்பாவின் ‘குமரன்’, ராய. சொக்கலிங்கம் ஆசிரியராக இருந்த ‘ஊழியன்’ ஆகியவை ஊர்க் கூட்டங்களையும் தேர்தல் பூசல்களையும் சென்னைத் தாள்களைவிட நெருக்கமாகப் பதிந்தவை. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களையும் இதழ்களையும் கொண்டு 1994ல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகம்தான் இதற்கு முதல் இடம். எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் அடுத்தவை.

எழுதி முடித்த பின்

பழைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் லேமினேட் செய்யாதீர்கள். தாள் கெட்டுவிடும், பிரிக்கவும் முடியாது. 300 டிபிஐ அளவில் வருடி எடுத்து, மூலங்களை அமிலமற்ற காகித உறையிலிட்டு, ஈரம் படாத அறையில் தட்டையாக வையுங்கள். உறைகளின் மேல் பென்சிலால் ஆண்டு எழுதுங்கள். குடும்பத்தில் யாரும் காக்க இயலாத நிலை வரும் என்று தோன்றினால், வாரிசுகள் அனைவரின் எழுத்துமூல ஒப்புதலுடன், கட்சிக்காரர் கடிதங்களைப் பிரித்தெடுத்துவிட்டு, மற்றவற்றை ஓர் ஆராய்ச்சி நூலகத்துக்கு அளிக்கலாம். அச்சான நூலில் இரண்டு படிகளை அவர் வாதாடிய ஊரின் வழக்கறிஞர் சங்க நூலகத்துக்கும், ஒன்றைச் சட்டமன்றப் பேரவை நூலகத்துக்கும் அனுப்புங்கள்.